கல் வைக்காத வீடு

“அப்போ பூவாயி அக்கா வூட்டுக்கு எத்தன கல்லு?”

“அங்க எதுக்குக் கல்லு? எங்க வூட்டுக்கே தண்ணி வர்றதில்ல. நடுவுல ஒரு வேலிதான இருக்கு. அவங்களுக்கு மட்டும் எங்கேருந்து வரும்?”

“அவங்களையே கேட்டுக்கலாமே.”

“அவங்க எறால் கம்பெனிக்குப் போயாச்சு டீச்சர். சாயங்காலம்தான் வருவாங்க. அவங்க சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணுதான். நீங்க அடுத்த வூட்டுக்குப் போங்க.”

இப்படிச் சொன்னவர் மருதையன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கோயில் வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, தன் வீட்டுக் கோலப்புள்ளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அமுதம் இரண்டடி தள்ளி நின்றாள். அவள் மடி நிறையக் கல். சாலை போடக் கொட்டிவைத்திருந்த கப்பிக்கல்லில் பொடியாகப் பார்த்துப் பெண்கள் பொறுக்கி வந்திருந்தார்கள். மடி கனத்தது. ஒரு கல்லை எடுக்கவும் அவள் கை எழவில்லை.

டீச்சர் என்று ஊர் கூப்பிட்ட மதிவதனி டீச்சர் இல்லை. காரைக்காலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். பையில் ஸ்கெட்ச் பேனாவும் சார்ட்டும் வைத்திருந்ததால் கீழவெளிக்காரர்களுக்கு அவள் டீச்சர். ஆறு மாதமாக வந்துபோகிறாள். என்ன கேட்டாலும், நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஊர் உங்களுடையது, திட்டமும் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பாள். டீக்கடை காஜா மைதீன் இதற்காகவே அவளை வம்புக்கு இழுப்பார். “சம்பளம் ஒங்களுக்கு, ரோசன எங்களுதா? நல்ல வேலயா இருக்கே தங்கச்சி” என்பார். அவளும் சிரித்துக்கொண்டு டீயைக் குடிப்பாள். முன்பு யாரோ வந்து, யாரையும் கேட்காமல், மேற்குப் பக்கம் கரை எழுப்பிவிட்டுப் போனார்கள். தண்ணீர் கிழக்கேயிருந்து வந்தது. அந்தக் கரையில் இப்போது ஆடு மேய்கிறது. அதனால் இவள் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்று ஊருக்குப் பட்டது.

மாரியம்மன் கோயில் வாசலில், பெருக்கித் தெளித்த மண்ணில், பெண்கள் கோலமாவால் ஊரை வரைந்திருந்தார்கள். தெருக்கள் வெள்ளை. வயலுக்குப் பூவரசந்தழை. ஊருக்குக் கிழக்கே ஓடும் வடிகாலுக்கு நீலப்பொடி. அந்த வடிகால் ஆற்றில் போய்ச் சேர்கிறது, ஆறு கொஞ்ச தூரத்தில் கடலில். முன்னெல்லாம் ஊர்த்தண்ணீர் வடிகால் வழியாகக் கடலுக்குப் போகும். இப்போது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் அதே வழியாக ஊருக்கு வருகிறது. வீட்டுக்கு வீடு கல் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கணுக்கால் தண்ணீருக்கு ஒரு கல், முழங்காலுக்கு இரண்டு, இடுப்புக்கு மூன்று.

மருதையன் வீட்டுக்கு மூன்று கல் வைக்க வேண்டும். பூவாயி வீட்டுக்கும் மூன்று.

போன கார்த்திகையில் தண்ணீர் கொல்லைப்பக்கமாகச் சத்தமே இல்லாமல் வந்தது. அடுப்படியில் முதலில் கோலமாவு டப்பா மிதந்தது. அது மிதந்து வந்து காலில் இடித்த பிறகுதான் அமுதத்துக்கு விஷயமே தெரிந்தது. வடிந்து போன பிறகு சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கோடு நின்றது. சுண்ணாம்பு அடித்தார்கள். பத்தாம் நாளே அதைத் தள்ளிக்கொண்டு உப்பு பூத்தது. பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கடைசியில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போகும் அவர்கள் மகன் நிலவன், வேலை செய்த இடங்களில் மீந்த டைல்ஸைக் கொண்டுவந்து, நான்கு சுவரிலும் இடுப்புக்கு மேல் ஒரு சாண் வரை ஒட்டினான். ஒன்றுக்கொன்று நிறம் சேரவில்லை. ஆனால் கோடு மறைந்தது.

மறைக்க வேண்டித்தான் இருந்தது. நிலவனுக்கு வயது முப்பத்து நாலு. முன்பு ஒரு இடம் கூடிவந்து, பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். இந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. நாலு பேராக வந்து வீட்டைப் பார்ப்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கொல்லையில் நடந்து பார்ப்பார்கள். அன்று பெண்ணின் தாய்மாமன் பேசிக்கொண்டே சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். ‘உப்புத்தண்ணி வூடு’ என்ற பெயர் பட்டினம் வரை போய்விட்டது. அதற்கப்புறம் தரகர் இந்தத் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பவே இல்லை. இப்போதுதான், வெகு நாள் கழித்து, குரும்பகரத்தில் ஓர் இடம் வந்திருக்கிறது. பெண் பெயர் ஓவியா. நர்சிங் படித்தவள். அவள் அப்பா கருப்பையனும் அத்தையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கோலத்தில் வைக்கிற கல் அப்படியே சார்ட்டில் ஏறும், சார்ட்டு சமுதாயக்கூடத்துச் சுவரில் தொங்கும், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான் என்று மருதையன் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வந்திருந்தார். அமுதம் அப்போது மறுத்துப் பேசவில்லை.

ஆனால் பூவாயி வீட்டுக்கும் சேர்த்துச் சொல்வார் என்று அவள் நினைக்கவில்லை.

அடுத்தடுத்து எல்லாரும் கல் வைத்தார்கள். அமுதம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று வைக்க வேண்டியவர்கள் இரண்டு வைத்தார்கள். இரண்டு வைக்க வேண்டியவர்கள் ஒன்று வைத்தார்கள். ஊர்த் தலைவர் பூமிநாதன் வீட்டுக்கு அவர் சம்சாரம் ஒரே ஒரு கல்லை, அதுவும் வாசல் ஓரமாக வைத்தாள். அவர்களுக்குக் கல்யாணத்துக்குப் பெண் நிற்கிறது. எந்தெந்த வீட்டில் கல் குறைகிறதோ அந்தந்த வீட்டில் ஒரு பிள்ளை மாலைக்குக் காத்திருந்தது. யாரும் யாரையும் பார்த்து, ஏன் குறைத்து வைக்கிறாய் என்று கேட்கவில்லை. அடுத்தவன் வீட்டுத் தண்ணீரை வெளியே சொல்வதில்லை என்பது, யாரும் கூடிப் பேசாமலேயே ஊரில் வந்துவிட்ட கட்டுப்பாடு.

மதிவதனி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கல் எல்லாம் கம்மியாகத் தெரிகிறதே, போன வருடம் வெள்ள நிவாரணத்தோடு ஒரு நாள் நான் வந்தபோது படகில்தானே இந்தத் தெருவுக்கு வந்தேன் என்று கேட்டாள். அது தெரு, இது வீடு என்று யாரோ சொன்னார்கள். அவளும் எழுதிக்கொண்டாள். நீங்கள் சொல்வதுதான் என்று ஆறு மாதமாகச் சொன்னவள் இப்போது எப்படி மாற்றிப் பேசுவாள்.

அப்புறம் வந்தது வெட்டுவாய்ப் பேச்சு. வடிகாலின் ஊர்ப்பக்கக் கரையை உயர்த்துவது, ஆற்று முனையில் மதகு வைத்துக் கடல் ஏறும்போது அடைப்பது என்பதில் எல்லாருக்கும் சம்மதம். ஆனால் மதகு அடைத்திருக்கும்போது மழையும் கொட்டினால் ஊருக்குள் விழும் தண்ணீர் எங்கே போகும்? வடிகால் தளும்பும்போது எங்காவது அதன் கரையை வெட்டி, ஊரோரத்துக் கருவேலந்திடலுக்கு விட வேண்டும்; அந்த வெட்டுக்குத்தான் வெட்டுவாய் என்று பெயர். இதுவரை யாருக்குப் பலம் இருக்கிறதோ அவன் தனக்குத் தோதான இடத்தில் வெட்டினான். ஒரு வருடம் மண்வெட்டியால் ஒருவன் மண்டை பிளந்தது. அதனால் ஒரே இடம், ஊர் கூடிச் சொன்ன இடம், என்று எழுதி வைக்க வேண்டும் என்றார்கள்.

பூமிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோலத்தைச் சுற்றி நடந்தார். கல் இல்லாத மூலைக்கு வந்து நின்றார்.

“இந்தப் பக்கம்தான் தண்ணியே நிக்கறதில்லையே. மருதையன் கொல்லைக்குப் பின்னாடி வெட்டிட்டா, அப்படியே வழுக்கிக்கிட்டு திடலுக்குப் போயிடும். என்ன மருதையா?”

அவர் குரலில் கேலி துளியும் இல்லை. எல்லாருக்கும் தெரியும். கோலத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும், அங்கே வெட்டினால் தண்ணீர் மருதையன் அடுப்படியில் நுழைந்து பூவாயி வாசல் வழியாகத்தான் திடலுக்குப் போகும் என்று தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருதையன். மருதையன் கோலமாவு ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கென்ன. ஊருக்கு ஆவுதுன்னா வெட்டிக்குங்க” என்றார்.

*

சாயங்காலம் பூவாயி வேலை முடிந்து வந்தாள். நாள் முழுக்க எறால் உரித்த கை ஊறிப்போய், விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. புருஷன் இல்லாதவள். மகள் எழில்மதி தலைப்பிரசவத்துக்கு வந்து, பெற்று, இன்னும் ஒரு மாதம் நிறையவில்லை. குழந்தை அழுகிற சத்தம் வேலி தாண்டிக் கேட்டபடியே இருக்கும். வழக்கமாக இந்நேரம் அமுதம் ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுபோய் வேலிப்படலில் வைப்பாள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்போ, சுட்ட கருவாடோ. இன்றைக்குச் சென்னாக்குன்னி என்கிற பொடி எறால் வறுத்திருந்தாள். கிண்ணத்தில் போட்டு வைத்தாள், எடுத்துக்கொண்டு போகக் கால் வரவில்லை.

பூவாயியே வேலியோரம் வந்தாள்.

“எங்க வூட்டுக்கும் சேத்து நீங்களே கணக்குச் சொல்லிட்டீங்களாம்ல. கடத்தெருவுல சொன்னாவோ.”

“நான் சொல்லலக்கா. அவரு…”

“நீ நின்னியா இல்லியா அங்க?”

நின்றேன் என்றாள் அமுதம்.

பூவாயி படலைப் பிடித்துக்கொண்டாள். கோபமாகப் பேசியிருந்தால் அமுதமும் ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். போன கார்த்திகையில் தண்ணீர் வந்தபோது ஆட்டுக்குட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் அம்மி மேடைமேல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். இந்த வருடம் பரணில் யாரை ஏற்றுவது, பச்சை உடம்புக்காரியையா, தொட்டில் பிள்ளையையா என்று கேட்டாள்.

“ஒம்மவனுக்குக் கல்யாணம் ஆவணும். நானும்தான் அம்மனுக்கு வேண்டியிருக்கேன். அதுக்காவ எம்பேரன் தண்ணியில கெடக்கணுமா அமுதம்?”

பூவாயி போய்விட்டாள். வறுத்த சென்னாக்குன்னியை அன்று யாரும் தொடவில்லை, எறும்பு மொய்த்தது.

மருதையனிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி பேசினார். கெட்ட மனிதர் இல்லை அவர். நாற்றங்காலில் உப்பேறி நாற்றின் நுனி கருகியபோது, ஊரான் வயலுக்கும் சேர்த்து நல்ல தண்ணீர் இறைத்து ஊற்றியவர். கல்யாணம் முடியட்டும், முடிந்த கையோடு நானே போய் அந்த டீச்சரிடம் மாற்றிச் சொல்கிறேன் என்றார். அதற்குள் மழை வந்துவிட்டால் என்றாள். வராது என்றார். வானத்தோடு பேசி வைத்தவர் மாதிரிச் சொன்னார்.

நிலவன் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, வாசலில் தன் டைல்ஸ் வெட்டும் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

*

வியாழக்கிழமை வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். வெள்ளிக்கிழமை அது புயல் சின்னமாக மாறியது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். கிளிஞ்சல்மேட்டுக்காரர்கள் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டார்கள் என்று மீன்காரி வந்து சொல்லிவிட்டு, மீன் இல்லாத கூடையோடு போனாள். சனிக்கிழமை காற்று வாடையிலிருந்து வந்தது. துணி காயவில்லை. உப்பு ஜாடியில் உப்பு கசிந்தது. திங்கட்கிழமை அமாவாசை. புயலும் அதையொட்டித்தான் கரையைத் தொடும் என்றார்கள்.

மதிவதனி போன் செய்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தள்ள வேண்டாம், திட்டத்தைப் படித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் உடனே கொடுத்துவிடலாம், மதகு வருவது பிறகு, ஆனால் வெட்டுவாய் எது என்பதாவது இந்த மழைக்கே முடிவாக இருக்கட்டும் என்று சொன்னாளாம். பூமிநாதன் தண்டோரா போடாத குறையாகத் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை அமுதம் கேசரி கிண்டினாள். ரவை அடிப்பிடித்தது. அவள் கேசரி எந்தக் காலத்திலும் அடிப்பிடித்ததில்லை. மருதையன் காரைக்காலுக்குப் போய் குலாப் ஜாமூன் வாங்கி வந்து, பெட்டியை நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நிலவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, டைல்ஸை ஈரத்துணியால் துடைத்தான். இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்து நின்றதைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தான். ஒரு வரிசை முடித்துத் திரும்பினால் முதல் வரிசையில் மறுபடி வெள்ளை தெரிவதுபோல் இருந்தது.

“எத்தன தடவதாம்மா தொடைக்கிறது” என்றான். அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றி அவன் பேசியது அவ்வளவுதான்.

வேன் மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. கூட்டம் பதினொரு மணிக்கு. முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் மழையைப் பார்த்துப் பயந்து, பெண் வீட்டார் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். சமுதாயக்கூடத்துக்குப் பக்கத்துப் பாலத்தில் தண்ணீர் ஏறி நின்றது. டிரைவர் வண்டியை அதற்கு மேல் ஓட்ட மாட்டேன் என்றான். பூமிநாதன் குடையோடு ஓடி, மழை கொஞ்சம் விடட்டும், செத்த நேரம் உட்காருங்கள் என்று அவர்களைக் கூடத்துக்குள்ளேயே கூட்டி வந்துவிட்டார். அவர் மரியாதைக்குச் செய்தாரா, வேறு நினைப்பில் செய்தாரா என்று அமுதத்துக்குக் கடைசி வரை தெரியவில்லை.

கருப்பையன் ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாத கூச்சம் உள்ளவர். கூட அவர் அக்கா, ஓவியாவின் அத்தை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, காஜா மைதீன் கடையிலிருந்து டீ வந்தது. விவசாயி என்பதால் கருப்பையனுக்குச் சுவரில் தொங்கிய சார்ட்டின்மேல் கண் போனது. எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். இந்தப் புள்ளியெல்லாம் என்ன என்று கேட்டார். மதிவதனி விளக்கினாள். அவருக்குப் பிடித்துப்போனது. எங்கள் ஊருக்கும் யாராவது இப்படி வந்து கேட்டால் தேவலை, எங்களுக்கு உப்பு இல்லை, ஆனால் வேண்டும்போது தண்ணீர் வருவதில்லை, வேண்டாதபோது வருகிறது என்றார்.

“இதுல நம்ம வூடு எது?” என்று மருதையனிடம் கேட்டார். நம்ம வீடு என்றார்.

மருதையன் விரலை வைத்துக் காட்டினார்.

“ஒரு புள்ளிகூட இல்லியே.” கருப்பையன் திரும்பித் தன் அக்காவைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அமுதம் பார்த்தாள். தன் மகளாக இருந்தால் தானும் அப்படித்தான் நிம்மதிப்படுவாள் என்று தோன்றியது. அந்த நினைப்பு அவளை எங்கேயோ குத்தியது.

மதிவதனி ஒவ்வொன்றாகப் படித்தாள். கரை உயர்த்துவது. மதகு. நாற்றங்காலை மேட்டுக்கு மாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் கை தூக்கினார்கள். வெளியே மழை தகரத்தில் விழுகிற சத்தம் ஏறிக்கொண்டே போனதில், அவள் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. பிறகு வெட்டுவாய். மழை இப்படியே பெய்தால் இன்று சாயங்காலமே வெட்ட வேண்டியிருக்கும், மண்வெட்டிகள் தயாராக இருக்கின்றன என்றார் பூமிநாதன். கூடத்து மூலையில் அவற்றைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

“மருதையன் கொல்லைக்குப் பின்புறம். சம்மதம்னா கை தூக்குங்க” என்றாள் மதிவதனி.

கைகள் எழுந்தன. மருதையன் கையும் எழுந்தது. பூவாயி கை எழவில்லை. அவள் வாசலோரம் தூணில் சாய்ந்து நின்றாள். எதிர்த்துப் பேசுவாள் என்று அமுதம் எதிர்பார்த்தாள். பேசினால் நன்றாயிருக்கும், பழி நம்மேல் வராது என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். நிலவன் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டவள், அவன் மாமனாராக வரப்போகிறவர் முன்னால் பேசாமல் நின்றாள். சார்ட்டைப் பார்க்காமல் அமுதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அமுதம் எழுந்தாள்.

“எங்க வூட்டுக்கு மூணு கல்லு டீச்சர். பூவாயி அக்கா வூட்டுக்கும் மூணு.”

மழைச் சத்தத்தில் முன்வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். ஆனால் தூக்கிய கைகள் பின்வரிசை வரை ஒவ்வொன்றாக இறங்கின.

“ஒக்காரு அமுதம்” என்றார் மருதையன். கெஞ்சுகிற குரல்.

“அங்க வெட்டுனா வர்ற தண்ணி எங்க அடுப்படிக்குள்ள பூந்து அவங்க வூட்டுக்குத்தான் போவும். அங்க ஒரு மாசத்துப் புள்ள இருக்கு. நாங்க பொய் சொல்லிட்டோம் டீச்சர்.”

பூமிநாதன் நிதானமாக, அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே தங்கச்சி, ஊரை ஏன் ஏமாற்ற வேண்டும் என்றார்.

“ஒங்களுக்கு இது தெரியாதா தலைவரே? போன கார்த்தியல தண்ணி முழங்காலுக்கு எறங்குனப்ப எங்க வூட்டுக் கட்டில்ல கால மடக்கிக்கிட்டு ஒக்காந்துதான காப்பி குடிச்சீங்க. கீழ எறக்குனா நனையும்னு.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு உடனே அடங்கியது. அடங்கின இடத்திலிருந்து சண்டை கிளம்பியது. உன் வீட்டுக்கு ஒன்றுதானா, உன் வீட்டுக்கு இரண்டா, நீ மட்டும் ஒழுங்கா என்று ஆளுக்கு ஆள் எழுந்து கேட்டார்கள். அத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வியெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. ஆனால் அடுத்தவன் கல்லைத்தான் எல்லாரும் சொன்னார்கள், தன் கல்லை ஒருத்தரும் சொல்லவில்லை.

மதிவதனி நாற்காலியில் ஏறிச் சார்ட்டைக் கழற்றிச் சுருட்டினாள்.

“இத நான் கொண்டுபோவ மாட்டேன். இது வெறும் பேப்பர். நாளைக்குக் காலைல வர்றேன், மழை பேஞ்சாலும் வர்றேன். இங்கயே மறுபடி போடுவோம். அவங்கவங்க வூட்டுக் கல்லை அவங்கவங்களே வைங்க. அதுவரைக்கும் எங்கயும் வெட்டாதீங்க.”

வெட்டாமல் எத்தனை நேரம் தாங்கும் என்றார் பூமிநாதன். நாளை மதியம் வரை தாங்கும், அதற்கு மேல் அமாவாசை ஏற்றம், தாங்காது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சரி, நாளைக் காலை என்று முடிந்தது. கூட்டம் கலைந்தது. பூவாயி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தொட்டிலை உயரமாகக் கட்ட வேண்டும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

பூமிநாதன் சம்சாரமும் இன்னும் இரண்டு பெண்களும் தூணுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அமுதம் அந்தப் பக்கம் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. நாளைக்கு மூன்றா, ஒன்றா என்று ஒருத்தி கேட்டாள்.

“அவசரப்படாத. இவ மவனுக்கு இந்த எடம் நெலைக்குதா பாப்பம். நெலைச்சா நாமளும் சொல்லலாம். இல்லாட்டி நமக்கெதுக்கு வம்பு.”

கருப்பையனும் அவர் அக்காவும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மருதையன் ஜாமூன் பெட்டியை எடுக்கவென்று வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பாலத்தருகே நிலவன் நின்றான். புதுச்சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. யாரோ போய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் அம்மாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொள்ளவில்லை. வேன் திரும்புவதற்காகப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றான்.

அத்தை ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் அமுதத்தைப் பார்க்காமல் கண்ணாடியை ஏற்றினாள். கருப்பையன் முன்கதவைப் பிடித்தபடி, ஒரு காலை உள்ளே வைத்தவர், அமுதம் வருவதைப் பார்த்து நின்றார். மறுபடியும் கையை எங்கே வைப்பதென்று தெரியாதவராக ஆனார். அவர் ஏதாவது சொல்லிவிடுவதற்குள் பேசிவிட வேண்டும் என்று அமுதத்துக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவள் பேசினாள். மழையில் முகம் நனைந்துகொண்டிருந்ததால் அழுகிறாளா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் அழவில்லை.

“அண்ணே, நீங்க பொண்ணப் பெத்தவங்க. ஒங்க மனசு எனக்குத் தெரியும். வேண்டாம்னு சொன்னீங்கன்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன். பொய் சொன்னது நாங்க.”

கருப்பையன் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

“ஆனா இந்த ஊர்ல எல்லாரும் இப்ப ஒங்க வாயத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாவோ. தண்ணிக்காவ நீங்க போயிட்டீங்கன்னா, நாளைக்குக் காலைல ஒருத்தரும் உள்ளதச் சொல்ல மாட்டாங்க. மறுபடி எங்கயாச்சும் தப்பாத்தான் வெட்டுவாங்க. அதனால கேக்குறேன். வண்டியில ஏறிடாதீங்க அண்ணே. நடந்து எங்க வூடு வரைக்கும் வாங்க. எல்லாரும் பாக்க வாங்க. தண்ணி நிக்கிற வூடுதான், உள்ள வந்து சொவத்தத் தொட்டுப் பாருங்க, ஒரு வாய் காப்பி குடிங்க. பொண்ணு குடுக்கலன்னா அத ஒரு வாரம் கழிச்சுச் சொல்லி அனுப்புங்க. இன்னிக்கு மட்டும் வாங்க. வர்றீங்களா?”